தாக்கல் செய்யும் காட்சி

தமிழ்நாட்டு நுகர்வோர் பெருமக்களின் மேலான கவனத்துக்கு ஒரு முக்கிய அறிவிப்பு. வெள்ளிக்கிழமைதோறும் மாலை நாலரை மணி முதல் ஆறு மணி வரை தயவுசெய்து யாரும் ஏமாற வேண்டாம். அந்த ஒன்றரை மணி நேரமும் வழக்கறிஞர் அகஸ்டின் ஃபிரெட்ரிக் நேரலையில் இருப்பார். ஏமாந்தவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதால் ஏமாந்துகொண்டிருப்பவர்களைக் கவனிக்க அவருக்கு நேரம் இருக்காது. ஓடாத ஃபிரிட்ஜ், எடை குறைந்த அரிசி, சொன்ன தேதிக்கு வராத சோபா முதலியவற்றால் பாதிக்கப்பட்டோர் ஆறு மணிக்கு மேல் அணுகவும்.

அகஸ்டினுக்கு வயது ஐம்பத்திரண்டு. சாந்தோம் தேவாலயப் பங்கில் மூன்று தலைமுறையாக ஆசிரியர் குடும்பம். அப்பா, அம்மா, அத்தை மூவரும் கரும்பலகை முன் நின்றவர்கள். இவர் கேமரா முன் நிற்கிறார். குரல் ஒன்றுதான். வீடு அடையாறு காந்தி நகரில், ஆபீஸ் மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில், உயிர் மட்டும் தி. நகரில் உள்ள ஒரு டிவி ஸ்டுடியோவில். நிகழ்ச்சியின் பெயர் ‘விடமாட்டேன்’. வாராவாரம் முடிக்கும்போது சுட்டுவிரலை கேமராவுக்கு நேராக நீட்டிச் சொல்லுவார்: “இரண்டே வருடம். அதற்குள் புகாரைத் தாக்கல் செய்யுங்கள். ஒரு நாள் தாண்டினாலும் உங்கள் நியாயம் காலாவதி.” இந்த விரலுக்காகவே சிக்னலில் ஆட்டோக்காரர்கள் அவருக்கு வழிவிடுகிறார்கள் என்று அவர் சொல்லிக்கொள்வார். வழிவிட்டது காருக்காக இருக்கலாம்.

ஆகஸ்ட் இருபத்திரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை மூன்றேகால் மணிக்குக் கச்சேரி ரோடு ஆபீஸுக்கு ஜஹீதா வந்தார். ராயப்பேட்டையில் வீட்டோடு இருந்து துணியில் ஆரி வேலை செய்து கொடுப்பவர். வந்த காரியம் சின்னது. போன வார நிகழ்ச்சியில் சார் ஒரு புதிய உரிமையை அறிவித்திருந்தார்: உங்கள் வழக்கு எண்ணை உங்கள் வக்கீலிடம் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை. ஜஹீதா சார் சொன்னால் கேட்பவர். அவருடைய வக்கீலும் சார்தான். அதனால் கேட்க வந்துவிட்டார்.

அவருடைய மகள் ஆயத்துக்கு ஒன்பது வயது. பிறவியிலேயே காது கேட்காது. ஆபரேஷன் செய்து உள்ளே ஒன்று பொருத்தியிருந்தார்கள். காதுக்குப் பின்னால் வெளியே மாட்டும் மிஷினோடு சேர்ந்தால்தான் அது வேலை செய்யும். வெளி மிஷின் ஐந்தாம் மாதம் ஓய்ந்தது. தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, மாற்றித் தர முடியாது என்று கம்பெனி ஒரே ஒரு கடிதம் எழுதிவிட்டு மௌனமானது. இப்போது ஆயத் மாட்டியிருப்பது பேச்சுப் பயிற்சி டீச்சர் இரவல் தந்த பழைய மிஷின். அது இரண்டு பீரியட் கேட்கும், மூன்றாவது பீரியடில் நின்றுவிடும். ஆயத்துக்குக் கணக்கு வரும், தமிழ் வரும். அதற்கு மேல் பள்ளிக்கூடத்தில் என்ன நடக்கிறது என்பது அவளுக்குத் தெரியாது. புதிய மிஷினைக் கொடு என்று கம்பெனிக்கு உத்தரவு வாங்க ஜஹீதாவிடம் இருந்தது இந்த ஒரு வழக்கு.

குமாஸ்தா அய்யாதுரை பத்தொன்பது வருடமாக அந்த ஆபீஸில் இருக்கிறார். “உக்காரும்மா, ஒரு நிமிசத்துல எடுத்துத் தர்றேன்” என்று டைரியைப் பிரித்தார். ‘ஜஹீதா - தாக்கல் ஆயிற்று’ என்று பச்சை மையில் அவர் கையெழுத்தே இருந்தது. பக்கத்தில், எண் எழுத வேண்டிய இடம் காலி. அவருடைய காகிதக் கட்டை எடுத்துப் புரட்டினார். ரசீது இல்லை. மறுபடி புரட்டினார். அசல் புகார் மனு, வக்காலத்து, நோட்டரி முத்திரையோடு பிரமாணப் பத்திரம், கம்பெனி கடிதம், எல்லாமே அங்கேயே இருந்தன. இவையெல்லாம் இந்நேரம் நுகர்வோர் ஆணையத்தில் இருக்க வேண்டியவை.

அய்யாதுரைக்கு வியர்த்தது. ஏனென்றால் அவர் கண்ணாலேயே பார்த்திருந்தார்.

எட்டு மாதம் முன்பு ‘விடமாட்டேன்’ நிகழ்ச்சியில் ஆயத்தின் கதை வந்தது. வயலின் வாசித்தார்கள். ஜஹீதா பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதைக் கேமரா விரல் நுனி வரை போய் எடுத்தது. பிறகு அகஸ்டின் கறுப்பு கோட்டு பறக்க, கையில் ஒரு தடித்த கட்டோடு, படியேறிப் போய் ஆணையத்தின் வாசலுக்குள் மறைந்தார். பின்னணிக் குரல் சொன்னது: ‘வழக்கு தாக்கல் செய்யப்பட்டது.’ அந்தப் படி பாண்டி பஜாருக்குப் பின்னால் இருந்த ஒரு கல்யாண மண்டபத்தின் படி. வெயில் சரியில்லை என்று மூன்று தரம் ஏறினார். கட்டுக்குள் இருந்தது பழைய செய்தித்தாள், அசல் காகிதம் கசங்கிவிடக் கூடாதே என்று. நங்கநல்லூரில் வீட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்த அய்யாதுரை, மறுநாள் காலை வந்ததும் பச்சை மையை எடுத்தார். அகஸ்டினும் பார்த்தார். தான் படியேறியதைத் தானே பார்த்த மனிதனுக்கு வேறு என்ன சாட்சி வேண்டும்? அந்த முழு நிகழ்ச்சியிலும் உண்மையாக நடந்தது ஜஹீதாவின் கையெழுத்து ஒன்றுதான்.

கம்பெனி கடிதத்தின் தேதியை அய்யாதுரை பார்த்தார். ஆகஸ்ட் இருபத்திரண்டு. இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆகஸ்ட். சுவரில் காலண்டரைப் பார்த்தார். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

போன் போட்டார். அகஸ்டின் தி. நகரில் மேக்கப் நாற்காலியில் இருந்தார்.

“சார், ஜஹீதாம்மா கேஸ் நம்பர் இன்னா சார்?”

“யோவ், அது போட்டு எட்டு மாசம் ஆச்சு. டிவியிலயே வந்துச்சேய்யா.”

“டிவியில வந்துச்சு சார். கோர்ட்டுல வரல.”

மறுமுனையில் பவுடர் பஞ்சு நின்றது கேட்டது. தொலைக்காட்சியில் ஒருநாளும் கேட்டிராத ஒரு சின்னக் குரல் லெட்டர் தேதியைக் கேட்டது. அய்யாதுரை சொன்னார். பிறகு அந்தக் குரல் வேகமாகப் பேசியது. ஆன்லைனில் போட்டுவிடு, என் பேரில் உள்ளே போ, என் செல்லுக்கு ஓடிபி வரும், நான் சொல்கிறேன். கடைசியாக ஒன்று: “அந்தம்மாகிட்ட மட்டும் ஒண்ணும் சொல்லிக்காத.”

அய்யாதுரைக்குக் காது மந்தம். எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

ஜஹீதா அழவில்லை. எத்தனை மணி வரைக்கும் போடலாம் என்று மட்டும் கேட்டார். இணையதளத்தைத் திறந்தால் மேலே சிவப்பில் ஓடியது: இன்று மாலை ஆறு மணி முதல் ஞாயிறு இரவு வரை பராமரிப்புப் பணி, சிரமத்துக்கு வருந்துகிறோம்.

“ஆறு” என்றார் அய்யாதுரை. நேரலை முடிவதும் ஆறு.

மொத்தம் எழுபத்தொரு பக்கம். ஸ்கேனர் இரண்டிரண்டு பக்கமாக விழுங்கியது. ஜஹீதா பக்கத்தில் நின்று ஒவ்வொரு தாளையும் விரலால் பிரித்துக் கொடுத்தார். ஊசி பிடிக்கிற விரல். ஒட்டிய தாள் அதனிடம் தப்பவில்லை. ஆபீஸ் டிவியில் சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தார்கள். நாலரைக்கு அகஸ்டின் தோன்றி மேஜையைத் தட்டினார்.

அதற்கு ஐந்து நிமிடம் முன்பு ஸ்டுடியோவில் ஒன்று நடந்திருந்தது. தயாரிப்பாளர் கயல் ஒரு எவர்சில்வர் கூடையோடு வந்து நின்றாள். ஒருமுறை நேரலையில் யாருடைய செல்லோ குத்துப்பாட்டுப் பாடியதிலிருந்து அந்த வழக்கம்: உள்ளே வருகிறவர்கள் செல்லைக் கூடையில் போட வேண்டும். செல்லை வைத்துக்கொள்ள அகஸ்டின் ஒன்றே ஒன்று சொல்லியிருந்தால் போதும்: ‘ஒரு கேஸ் போட மறந்துட்டேன், கயல்.’ அவரிடம் ஆயிரக்கணக்கில் வார்த்தைகள் இருந்தன. இந்த ஐந்து மட்டும் வரவில்லை. செல் கூடைக்குள் போனது.

ஐந்து மணிக்கு முதல் ஓடிபி போனது. அய்யாதுரை போன் அடித்தார். அடித்துக்கொண்டே இருந்தது. பத்து நிமிடத்தில் அந்த ஓடிபி செத்தது. மூன்று தரம்தான் கேட்கலாம், அதற்கு மேல் அந்தக் கணக்கு இருபத்துநாலு மணி நேரத்துக்குப் பூட்டிக்கொள்ளும் என்று திரை எச்சரித்தது. சேனலின் வரவேற்பறைக்கு அடித்தார். சார் நேரலையில் இருக்கிறார், செய்தியைக் குறித்துக்கொண்டோம் என்று ஒரு பெண் இனிமையாகச் சொன்னாள். ஐந்து பன்னிரண்டுக்கு இரண்டாவது ஓடிபி. அப்போது விளம்பர இடைவேளை. அகஸ்டின் எழுந்து போகலாம். ஆனால் இடைவேளையில் அவர் ரீல்ஸுக்கு முப்பது வினாடி பேசுவது ஒப்பந்தம், பேசினார். தலைப்பு: காலத்தின் அருமை. இரண்டாவதும் செத்தது.

டிவியின் அடியில் ஒரு எண் ஓடிக்கொண்டிருந்தது. ‘உங்கள் குறைகளைக் கூற அழைக்கவும்.’

ஜஹீதா அதைப் பார்த்தார். அய்யாதுரையும் பார்த்தார். ஜஹீதா தன் செல்லை எடுத்து அடித்தார்.

எடுத்தது கயல். பேரையும் ஊரையும் கேட்டாள், பிறகு குரல் மாறிவிட்டது. “நீங்க ஆயத்தோட அம்மாவா? அந்த எபிசோட் நான் பண்ணதுமா. சார்கிட்ட என்ன பேசணும்?” கேஸ் விஷயமாக அவசரமாக ஒன்று கேட்க வேண்டும் என்றார் ஜஹீதா. கயலுக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. கண்ணீரோடு போன ஒரு தாய் எட்டு மாதம் கழித்துத் தானாக நேரலைக்கு வருவது, எந்தத் தயாரிப்பாளரும் நேர்ந்துகொண்டாலும் கிடைக்காத வரம். சாருக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. முகத்தில் வருகிற ஆச்சரியம் இயல்பாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

“லைன்ல போட்டுட்டாங்கண்ணே” என்று ஜஹீதா வாயைப் பொத்திச் சொன்னதும் அய்யாதுரை மூன்றாவது ஓடிபியைக் கேட்டுப் பொத்தானை அழுத்தினார். மணி ஐந்து இருபத்தாறு. இதுதான் கடைசி.

டிவியில் அகஸ்டினின் முகம் மலர்ந்தது. ராயப்பேட்டையிலிருந்து நம் சகோதரி ஜஹீதா, நாடே அழுததே, அந்தக் குழந்தை ஆயத்தின் தாய் என்று அறிமுகம் ஓடியது. ஆயத் எப்படி இருக்கிறாள் என்று கேட்டார்.

“இருக்கா சார்” என்றார் ஜஹீதா. “சார், உங்க போனுக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும். அய்யாதுரை அண்ணன் கேக்கச் சொன்னாங்க. ஆறு நம்பர் சார்.”

அகஸ்டினின் சிரிப்பு அப்படியே நின்றது.

நேரலையில் மூன்று வினாடி மௌனம் என்பது நீளம். அவர் கண் கேமராவைத் தாண்டி, கண்ணாடிக்கு அப்பால் கயலின் மேஜை மேல் இருந்த கூடைக்குப் போனது. பன்னிரண்டு அடி தூரம். எழுந்து நடக்கலாம், எடுத்துப் படிக்கலாம், திரும்பி வந்து உட்காரலாம். அரை நிமிட வேலை. ஆனால் ஏன் எழுந்தீர்கள் என்று தமிழ்நாடு கேட்கும். கேட்டால் பதில் சொல்ல வேண்டும். கச்சேரி ரோட்டில் டிவிக்கு முன்னால் அய்யாதுரை விரல்களைக் கீபோர்டின் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

அகஸ்டினின் கை மெதுவாக மேலே வந்தது. சுட்டுவிரல் நீண்டது. எந்த யோசனையும் இல்லாதபோது அந்தக் கை அப்படித்தான் வரும்.

“பார்த்தீர்களா நேயர்களே” என்றார். “எவ்வளவு சாதாரணமாகக் கேட்கிறார்கள் பார்த்தீர்களா? தெரிந்தவர் என்பார்கள். வக்கீலின் குமாஸ்தா என்பார்கள். அவசரம் என்பார்கள். யார் கேட்டாலும், எதற்குக் கேட்டாலும், ஓடிபியை மட்டும் யாருக்கும் சொல்லாதீர்கள். இந்தச் சகோதரி ஒரு சோதனைக் கேள்வி கேட்டு நமக்கெல்லாம் பாடம் நடத்தியிருக்கிறார்.”

“சார், இன்னிக்குத்தான் சார் கடைசி நாளு” என்றார் ஜஹீதா. அதற்குள் கைதட்டலைப் போட்டுவிட்டார்கள். லைன் துண்டானது. கைதட்டல் மட்டும் ஓடியது. அது பதிவு செய்து வைத்திருந்த கைதட்டல்.

ஐந்து முப்பத்தாறுக்குக் கணக்கு பூட்டிக்கொண்டது.

அய்யாதுரை நாற்காலியில் சாய்ந்தார். எதிர்ச் சுவரில், கேடயம் ஒன்றை வாங்கியபடி சார் சிரித்துக்கொண்டிருந்தார். பத்தொன்பது வருடமாக ஒரு விஷயத்தை அய்யாதுரை யாரிடமும் சொன்னதில்லை. எந்த வக்கீல் ஆபீஸிலும் எந்தக் குமாஸ்தாவும் சொன்னதில்லை. சம்பளம் அதற்கும் சேர்த்துத்தான்.

ஜஹீதா கேட்டார், “திங்கட்கிழமை போட்டா எடுத்துக்க மாட்டாங்களாண்ணே?”

எடுத்துக்கொள்ளலாம், ஆனால் ஏன் தாமதம் என்று காரணம் எழுதித் தர வேண்டும், கம்பெனிக்காரன் அதைப் பிடித்துக்கொண்டே இரண்டு வருடம் இழுப்பான் என்றார் அய்யாதுரை. காரணம் எழுதப்போவதும் சார்தான். சார் தன் மேல் தப்பு என்று எழுதமாட்டார்.

“அப்ப யார் மேல எழுதுவாரு?”

அய்யாதுரை டைரியை மூடினார். தன் மேல்தான் என்று ஜஹீதா புரிந்துகொண்டார். கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார். ஆயத் நாலரைக்கே பள்ளியிலிருந்து வந்திருப்பாள், பக்கத்து வீட்டில் குல்சும் அக்காவிடம் விட்டிருக்கிறது, போக வேண்டும். கதவு வரை போய்விட்டார்.

“ஏம்மா” என்றார் அய்யாதுரை. “ஒரு வழி கீது.”

ஜஹீதா திரும்பினார்.

“இந்த கோர்ட்டுக்கு வக்கீல் வோணும்னு சட்டமே இல்ல. நீயே போடலாம். உன் பேரு, உன் செல்லு, உன் ஓடிபி. சார் கையெழுத்தே தேவயில்ல.”

மணி ஐந்து நாற்பது. அந்த ஒரு நிமிடத்தை ஜஹீதா வீணாக்கினார். வேறு யாராக இருந்தாலும் வீணாக்கியிருப்பார்கள்.

“ரெண்டு வருசமா இங்க நடக்குறேன். ஏண்ணே சொல்லல?”

“சொல்லிக்கினே இருந்தா இந்த ஆபீசு எப்டிம்மா ஓடும்?” என்றார் அய்யாதுரை. “திட்டறத அப்பால திட்டிக்க. இப்ப ஆதார எடு.”

சார் கையெழுத்துப் போட்ட வக்காலத்துப் பக்கத்தை அவர் கம்ப்யூட்டரில் நீக்கினார். எழுபத்தொன்று எழுபது ஆனது. வழக்கு ஒன்றும் மெலிந்துவிடவில்லை. ஜஹீதா பேரில் புதுக் கணக்கு. பேர், விலாசம், கம்பெனி பேர், கடிதத் தேதி. ஒவ்வொரு கட்டமாக நிரப்ப நிரப்பப் பக்கம் நகர மறுத்தது. ஊரில் உள்ள கடைசி நாள்காரர்கள் எல்லோரும் அதே ஆறு மணியை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்கள். கோப்பு ஏறும் கோடு பாதியில் நின்றது. நகர்ந்தது. நின்றது. ஐந்து நாற்பத்தொன்பது.

ஜஹீதாவின் செல்லில் சார்ஜ் மூன்று சதவீதம். நேரலை லைனில் காத்திருந்தபோது தீர்ந்தது. ஆபீஸில் இருந்த சார்ஜர் அதற்குப் பொருந்தவில்லை. திரை மங்கியது. இரண்டு சதவீதம். அவர் செல்லை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டிருந்தார், அசைத்தால் சிந்திவிடும் என்பதுபோல.

டிங் என்றது.

“சொல்லும்மா, சொல்லு” என்றார் அய்யாதுரை.

“நகருங்கண்ணே” என்றார் ஜஹீதா. “நானே அடிக்கிறேன்.”

ஒற்றை விரலால் ஆறு எண்ணையும் அடித்தார். அடித்து முடிக்கும் முன்பே செல் அணைந்தது. கடைசி இரண்டும் நினைவிலிருந்து வந்தன. ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. டிவியில் அகஸ்டின் இரண்டே வருடத்துக்கு வந்திருந்தார். வட்டம் சுற்றியது.

ஐந்து ஐம்பத்தாறுக்கு எண் வந்தது. ஜஹீதா அதை முதலில் உரக்கப் படித்தார், பிறகு அய்யாதுரையிடம் பச்சைப் பேனாவை வாங்கி உள்ளங்கையில் எழுதிக்கொண்டார், பிறகு அச்செடுக்கச் சொன்னார். காகிதத்தை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு படி இறங்கிப் போய்விட்டார். அவர் நன்றி சொல்லவில்லை. அய்யாதுரையும் எதிர்பார்க்கவில்லை.

ஆறு ஐந்துக்கு அகஸ்டின் கூடையிலிருந்து செல்லை எடுத்தார். பதினான்கு தவறிய அழைப்புகள், மூன்று ஓடிபி. காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு அய்யாதுரைக்கு அடித்தார். போட்டாச்சு சார் என்றார் அய்யாதுரை. எப்படி என்று அகஸ்டின் கேட்கவில்லை. நல்ல செய்தியைக் குறுக்கு விசாரணை செய்கிற பழக்கம் அவருக்கு இல்லை. கார் அடையாறு பாலத்தைத் தாண்டுவதற்குள் அவர் மூச்சு சீரானது. காந்தி நகர் வருவதற்குள், அந்த வழக்கைக் கடைசி நிமிடத்தில் காப்பாற்றியது தான்தான் என்பது அவருக்கே தெளிவாகிவிட்டது.

ஓடிபி பேச்சு ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊரெல்லாம் சுற்றியது. யாருக்கும் சொல்லாதீர்கள் என்ற குரலைச் சிலர் அழைப்பொலியாகவே வைத்துக்கொண்டார்கள். கயல் அடுத்த வெள்ளிக்கிழமைக்குத் தொடர் நிகழ்ச்சி போட்டாள். கல்யாண மண்டபம் இந்த முறை வேண்டாம், அசல் ரசீதையே காட்டிவிடலாம் என்றாள். அய்யாதுரையிடம் கேட்டதும் உடனே அனுப்பினார். கேட்டதை அனுப்புவதுதானே குமாஸ்தாவின் வேலை. யாரும் அதைப் படித்துப் பார்க்கவில்லை. படிக்கவா வாங்கினார்கள், காட்டத்தானே.

வெள்ளிக்கிழமை நாலரைக்கு வயலின் ஒலித்தது. அகஸ்டின் மேஜையைத் தட்டினார். ஒரு வழக்கறிஞனின் கடமை எங்கே தொடங்குகிறது தெரியுமா என்று கேட்டார். ஒரு தாயின் கண்ணீருக்கும் சட்டத்தின் கதவுக்கும் நடுவே நிற்கிற அந்த ஒரு மனிதன் யார் என்று கேட்டார். பிறகு கேமராவைப் பார்த்தபடியே, திரும்பாமல், விரலை மட்டும் பின்பக்கம் நீட்டினார். அவருக்குப் பின்னால் சுவர் அளவு திரையில் ரசீது விரிந்தது.

புகார்தாரர்: ஜஹீதா. வழக்கறிஞர்: இல்லை.